காலையில் பட்டினி, ராத்திரியில் விருந்து

போன முறை விரதத்தைப் பற்றி நான்கு வரி எழுதினேன். அதற்கு வந்த கேள்விகளைப் படித்து முடிக்கவே ஒரு வாரம் சரியாகிவிட்டது. அதனால் இந்த முறை பக்கம் முழுக்க அதுதான். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடத்தில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். இன்சுலின் எத்தனை யூனிட் குறைக்கலாம் என்று கேட்டவர்கள் மன்னிக்க வேண்டும், அதை உங்கள் டாக்டரிடம் நேரில்தான் கேட்க வேண்டும்.

கேள்வி: டாக்டர், 16 மணி நேரம் சாப்பிடாமல் இருந்தால் நல்லது என்கிறார்கள். அந்த 16 மணி நேரத்தில் உடம்புக்குள் அப்படி என்னதான் நடக்கிறது?

பதில்: கடைசி வாய் உள்ளே போன பிறகு நாலைந்து மணி நேரம் உடம்பு அந்தச் சாப்பாட்டோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும். செரிக்க வேண்டும், சர்க்கரையை ரத்தத்தில் விட வேண்டும், இன்சுலினைச் சுரந்து அதைச் செல்களுக்குள் தள்ள வேண்டும், மிச்சத்தைச் சேமிக்க வேண்டும். இன்சுலின் உயர்ந்திருக்கும்வரை சேமித்த கொழுப்பு பெரிதாக வெளியே வராது. அதற்கப்புறம் இன்சுலின் இறங்கும், அதற்கு எதிர் வேலை செய்யும் குளுக்ககான் என்ற ஹார்மோன் ஏறும், கல்லீரல் தன்னிடம் சேமித்து வைத்திருக்கும் சர்க்கரையான கிளைக்கோஜனை உடைத்துச் சர்க்கரையாக அனுப்பத் தொடங்கும். இந்தக் கல்லீரல் கையிருப்பு சுமார் 100 கிராம்தான். மூளைக்கு மட்டுமே ஒரு நாளைக்கு ஏறக்குறைய 120 கிராம் குளுக்கோஸ் வேண்டும் என்றால், இந்தக் கையிருப்பு எத்தனை நேரம் தாங்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

அது குறையக் குறைய உடம்பு கொழுப்பின் பக்கம் திரும்புகிறது. கொழுப்பு உடைந்து கல்லீரலுக்குப் போய், அங்கே கீட்டோன்கள் என்ற மாற்று எரிபொருளாக மாறி, தசையும் இதயமும் மூளையும் அதை எரித்துக்கொள்கின்றன. மூளை குளுக்கோஸைத் தவிர வேறு எதையும் தொடாது என்று நெடுநாள் நம்பிக்கொண்டிருந்தார்கள். நீண்ட பட்டினியில் கீட்டோனை வைத்தே பெரும்பகுதி ஓட்டிக்கொள்ளும் என்று 1967-ல் ஜார்ஜ் கேஹில் குழுவினர் காட்டினார்கள்.

இந்த மாற்றம் 12 மணியிலிருந்து 36 மணிக்குள் எப்போது வேண்டுமானாலும் நடக்கலாம். முந்தின ராத்திரி என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு முடித்தீர்கள், காலையில் நடந்தீர்களா என்பதைப் பொறுத்தது. ஏழு மணிக்கு அளவாகச் சாப்பிட்டுவிட்டு மறுநாள் காலையில் ஒரு மணி நேரம் நடப்பவருக்குச் சீக்கிரம் வரும், பதினொரு மணிக்கு இனிப்போடு முடிப்பவருக்கு 16 மணி நேரம் ஆனாலும் அரைகுறையாகத்தான் இருக்கும். ஆக 16 என்ற எண்ணுக்கு எந்த மந்திர சக்தியும் கிடையாது. நினைவில் வைத்துக்கொள்ள வசதியாக இருக்கிறது, 24-லிருந்து கழித்தால் 8 வருகிறது, அவ்வளவுதான்.

கேள்வி: மூன்று மாதமாகக் காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டேன். மதியம் 1 மணியிலிருந்து ராத்திரி 9 மணி வரைதான் சாப்பிடுகிறேன். எடை அரை கிலோகூட இறங்கவில்லை. ஒரு வாரம் சாப்பிட்டதையெல்லாம் எழுதி அனுப்பியிருக்கிறேன், எங்கே தப்பு என்று சொல்லுங்கள். – அலுவலகம் போகும் ஒரு வாசகி

பதில்: எழுதி அனுப்பியதற்கு நன்றி, நிறையப் பேர் இதைச் செய்வதில்லை. உங்கள் செவ்வாய்க்கிழமையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். காலை 11 மணிக்கு "பால் காபி மட்டும்", ஓரத்தில் பொடி எழுத்தில் "2 பிஸ்கட்". 1 மணிக்கு வயிறு முட்டச் சாப்பாடு. 5 மணிக்கு எண்ணெயில் பொரித்த நொறுக்கு. 8:50-க்கு இரவுச் சாப்பாடு. 9:40-க்கு ஃப்ரிட்ஜைத் திறந்து நின்றபடியே ஒரு துண்டு கேக், அதற்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் "கணக்கில் சேர்க்கவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். உடம்பு சேர்த்துக்கொண்டது, அம்மா. முந்தின நாளும் இதே நேரத்தில்தான் முடித்திருக்கிறீர்கள், ஆக உங்கள் விரதம் 9:40-லிருந்து மறுநாள் 11 வரை, 13 மணி 20 நிமிடம். மோசமில்லை, ஆனால் நீங்கள் நினைத்த 16 இல்லை. பசியோடு 1 மணிக்கு உட்கார்ந்ததால் காலையில் விட்டது மதியமும் மாலையும் வட்டியோடு உள்ளே போயிருக்கிறது.

நீங்கள் ஒருவர் மட்டும் இல்லை. அமெரிக்காவில் 116 பேரை வைத்து 12 வாரம் நடத்திய ஒரு ஆய்வு 2020-ல் வெளிவந்தது. ஒரு பிரிவு மதியம் 12-லிருந்து இரவு 8 வரை மட்டும் சாப்பிட்டது, இன்னொரு பிரிவு மூன்று வேளையும் வழக்கம்போலச் சாப்பிட்டது. விரதப் பிரிவில் சராசரியாக 0.94 கிலோ குறைந்தது, மற்றப் பிரிவில் 0.68 கிலோ. வித்தியாசம் என்று சொல்லவே ஒன்றும் இல்லை. அது போதாதென்று, விரதப் பிரிவினர் இழந்ததில் கணிசமான பங்கு கொழுப்பே இல்லை, தசை உள்ளிட்ட மற்றப் பகுதி.

இப்போது இதற்கு நேர் எதிராக ஒன்று. 2018-ல் சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 8 ஆண்களுக்கு 5 வாரம் 6 மணி நேரத்துக்குள் எல்லாச் சாப்பாட்டையும் கொடுத்துப் பார்த்தார்கள், ஆனால் காலையில் தொடங்கி மதியம் 3 மணிக்கு முன்னால் கடைசிச் சாப்பாட்டை முடிக்க வேண்டும் என்பது நிபந்தனை. எடை குறையக் கூடாது என்று அளவாகவே ஊட்டினார்கள். எடை குறையாமலே இன்சுலின் வேலை செய்யும் திறன் கூடியது, ரத்த அழுத்தம் குறைந்தது, ராத்திரிப் பசியும் அடங்கியது. எட்டே பேர் என்பதால் இதை வைத்துக் கோட்டை கட்ட வேண்டாம். ஆனால் நம் உடம்பு காலையில் சர்க்கரையைக் கையாளும் அழகு ராத்திரியில் இருப்பதில்லை என்பது வேறு பல சோதனைகளிலும் தெரிந்த விஷயம், அதே சாப்பாடு இரவில் சர்க்கரையை அதிகம் ஏற்றும்.

மூன்று மணிக்குச் சாப்பாட்டை முடித்துவிட்டு வீட்டில் எல்லோரும் சாப்பிடும்போது வேடிக்கை பார்க்க யாராலும் முடியாது, என்னாலும் முடியாது. அதனால் நான் சொல்வது இதுதான்: காலைச் சாப்பாட்டைத் திரும்ப எடுங்கள், ராத்திரியில் வெட்டுங்கள். 7 மணிக்கு முடியுங்கள், 7:30 ஆனாலும் சரி. அதற்கப்புறம் தண்ணீர். மறுநாள் 8:30 அல்லது 9-க்கு முட்டையோ பருப்போ ஏதாவது புரதம் உள்ள சாப்பாடு. 13, 14 மணி நேரம் தானாகவே வந்துவிடும், அதில் பாதிக்கு மேல் தூக்கத்திலேயே கழிந்துவிடும். முக்கியமாக, ஃப்ரிட்ஜ் முன்னால் நிற்கும் அந்த 9:40 காணாமல் போகும்.

கேள்வி: நான் முதல் வாரத்திலேயே 3 கிலோ குறைந்துவிட்டேனே டாக்டர்!

பதில்: வாழ்த்துகள், பெரும்பகுதி தண்ணீர். ஒரு கிராம் கிளைக்கோஜனோடு சுமார் 3 கிராம் தண்ணீர் ஒட்டிக்கொண்டிருக்கும், கிளைக்கோஜன் போனால் அதுவும் போகும். இன்சுலின் இறங்கும்போது சிறுநீரகம் உப்பையும் சேர்த்து வெளியே தள்ளும், அதோடு இன்னும் கொஞ்சம் தண்ணீர். ஒரு கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டால் மறுநாளே 2 கிலோ திரும்பி வந்துவிட்டது என்று அடுத்த கடிதம் எழுதாதீர்கள், அதுவும் தண்ணீர்தான். எடைக் கருவியை விட்டுவிட்டு மாதம் ஒருமுறை இடுப்பைச் சுற்றி டேப் வைத்துப் பாருங்கள், தொப்பைக் கொழுப்பு எங்கே போகிறது என்று அது சொல்லும்.

கேள்வி: தினமும் கொஞ்சம் குறைத்துச் சாப்பிடுவது நல்லதா, விரதம் இருப்பது நல்லதா? ஒரு வரியில் சொல்லுங்கள்.

பதில்: உங்களால் ஒரு வருடம் எதைச் செய்ய முடியுமோ அது.

ஒரு வரி கேட்டீர்கள், கொடுத்துவிட்டேன். மற்றவர்களுக்காகக் கொஞ்சம் கூடுதலாக: சீனாவின் குவாங்சோவில் உடல் பருமன் உள்ள 139 பேரை இரண்டாகப் பிரித்து எல்லோருக்கும் ஒரே கலோரிக் கட்டுப்பாடு கொடுத்தார்கள், ஒரு பிரிவு மட்டும் அதைக் காலை 8-லிருந்து மாலை 4-க்குள் சாப்பிட வேண்டும். ஒரு வருடம் கழித்து நேரக் கட்டுப்பாடு இருந்தவர்கள் 8 கிலோவும் இல்லாதவர்கள் 6.3 கிலோவும் குறைந்திருந்தார்கள், புள்ளியியல் கணக்கில் இது வித்தியாசமே இல்லை என்று 2022-ல் எழுதினார்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் விரதம் இருக்கும் முறையை 100 பேரிடம் ஒரு வருடம் சோதித்தபோதும் இதே கதைதான், ஆனால் அதில் விரதப் பிரிவில் 38 சதவீதம் பேர் பாதியிலேயே கழன்றுகொண்டார்கள். விரதத்தால் எடை குறைகிறது, சந்தேகமில்லை. குறைவாகச் சாப்பிடுவதால் குறைகிறது. கலோரி எண்ணுவது சிலருக்கு எரிச்சல், கடிகாரத்தைப் பார்ப்பது எளிது, அப்படிப்பட்டவர்களுக்கு இது நல்ல வழி.

கேள்வி: 72 மணி நேரம் விரதம் இருந்தால் ஆட்டோஃபேஜி நடந்து, கெட்ட செல்கள், புற்றுநோய் செல்கள் எல்லாவற்றையும் உடம்பே தின்றுவிடும், இதற்கு நோபல் பரிசே கொடுத்திருக்கிறார்கள் என்று வீடியோ பார்த்தேன். உண்மையா?

பதில்: நோபல் பரிசு உண்மை. ஜப்பானின் யோஷினோரி ஓசுமிக்கு 2016-ல் கிடைத்தது. அவர் முக்கியமான வேலையைச் செய்தது ஈஸ்ட்டில். ஈஸ்ட் செல்களைப் பட்டினி போட்டு, அவை தங்கள் உள்ளேயே கிடக்கும் பழைய பாகங்களைப் பை கட்டி உடைத்து மறுபடி பயன்படுத்துவதை நுண்ணோக்கியில் பார்த்து, எந்த மரபணுக்கள் அதை நடத்துகின்றன என்று கண்டுபிடித்தார். இந்த வேலைக்கு ஆட்டோஃபேஜி என்ற பெயரை வைத்தவர் அவருக்கு முந்தியவர், கிறிஸ்டியன் டி டூவ், 1963-ல்.

இனி வீடியோ விஷயம். ஆட்டோஃபேஜி நம் உடம்பில் எப்போதும் நடந்துகொண்டேதான் இருக்கிறது, பட்டினியில் கூடும், உடற்பயிற்சியிலும் கூடும். எலியில் அளப்பது எளிது, ஏனென்றால் எலியின் கல்லீரலை எடுத்துப் பார்க்கலாம். உங்கள் கல்லீரலை எடுத்துப் பார்க்க நீங்கள் ஒத்துக்கொள்ள மாட்டீர்கள். ஆக மனிதரில் இத்தனையாவது மணியில் இது தொடங்கும் என்று ஒரு அட்டவணை போட்டு யாராவது காட்டினால் அது அவர்கள் போட்ட அட்டவணை. எலியின் ஒரு நாள் பட்டினியும் மனிதரின் ஒரு நாள் பட்டினியும் ஒன்றல்ல, எலி இரண்டு மூன்று நாள் சாப்பிடாவிட்டால் செத்தே போகலாம்.

புற்றுநோய் பற்றிச் சொன்னது ஆபத்தான பேச்சு. ஆட்டோஃபேஜி சில கட்டத்தில் புற்றுநோய் உருவாகாமல் காக்கவும் செய்யும், உருவான கட்டிக்குப் பட்டினியில் பிழைத்துக்கொள்ள உதவவும் செய்யும், இரண்டு முகமும் அதற்கு உண்டு. சிகிச்சையில் இருப்பவருக்கு எடை குறைவதே பெரிய பிரச்சினை. இந்த வீடியோவைப் பார்த்துவிட்டு சிகிச்சையைத் தள்ளிப்போடும் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால் முதலில் போனைப் பிடுங்குங்கள்.

கேள்வி: வயது 52. சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மினும் கிளைமிபிரைடும் சாப்பிடுகிறேன். என் நண்பர் விரதம் இருந்தே மாத்திரையை விட்டுவிட்டதாகச் சொல்கிறார். நானும் தொடங்கலாமா?

பதில்: உங்கள் நண்பர் சொன்னது நடக்கக்கூடியதுதான். டைப் 2 சர்க்கரை நோயில் எடை நன்றாகக் குறைந்தால் சிலருக்கு மாத்திரை குறையும், சிலருக்கு நின்றே போகும். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 500, 600 கலோரிக்குள் சாப்பிடும் முறையை ஆஸ்திரேலியாவில் 137 சர்க்கரை நோயாளிகளிடம் ஒரு வருடம் பார்த்தார்கள், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் சர்க்கரை அளவு (HbA1c) குறைந்தது, தினமும் குறைத்துச் சாப்பிட்டவர்களுக்கும் ஏறத்தாழ அதே அளவு குறைந்தது. ஆனால் அவர்கள் டாக்டர் கண்பார்வையில், மருந்தை மாற்றிக்கொண்டு செய்தார்கள். நீங்கள் மருந்தை அப்படியே வைத்துக்கொண்டு சாப்பாட்டை மட்டும் நிறுத்தப் பார்க்கிறீர்கள், இடி விழுவது அங்கேதான்.

மெட்ஃபார்மின் தனியாக இருந்தால் சர்க்கரையைப் பொதுவாக அபாயகரமாக இறக்காது. கிளைமிபிரைடு அப்படி இல்லை. அது கணையத்தைப் பிடித்து இன்சுலினை வெளியே தள்ள வைக்கும், நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று அது கேட்காது. கிளைகிளசைடு, கிளிபென்கிளமைடு எல்லாம் இதே ரகம், இன்சுலின் ஊசியும் நீங்கள் சாப்பிட்டீர்களா என்று பார்க்காமல்தான் சர்க்கரையை இறக்கும். காலை மாத்திரையைப் போட்டுவிட்டு மதியம்வரை பட்டினி கிடந்தால் பதினொன்று, பதினொன்றரைக்கு என்ன ஆகும் என்றால், முதலில் கை லேசாக நடுங்கும், கழுத்துப் பின்பக்கம் குளிர்ந்து வியர்க்கும், நெஞ்சு படபடக்கும், எழுதிக்கொண்டிருக்கும் வரி கண்ணில் ஓடும், பக்கத்தில் இருப்பவர் ஒன்று கேட்டால் காரணமில்லாமல் எரிந்து விழுவீர்கள். அது கோபம் இல்லை, லோ சுகர். விரலில் குத்திப் பார்த்து 70 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் விரதம் அந்த நொடியே முடிந்தது. மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடியுங்கள், 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள், ஏறவில்லை என்றால் மறுபடி குடியுங்கள், ஏறிய பிறகு ஏதாவது சாப்பிடுங்கள். குத்திப் பார்க்கக் கருவி இல்லை என்றால் பார்க்காமலே குடியுங்கள். நினைவு தப்பியவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றக் கூடாது, நேராக ஆஸ்பத்திரிதான்.

இன்னொரு வகை மாத்திரை இருக்கிறது, டாபாக்லிஃப்ளோசின், எம்பாக்லிஃப்ளோசின். சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும். இதைச் சாப்பிடுகிறவர் நீண்ட நேரம் பட்டினி இருந்தால் கீட்டோன் எல்லை மீறி ரத்தம் அமிலமாகிவிடும் ஆபத்து உண்டு, கொடுமை என்னவென்றால் அப்போது சர்க்கரை அளவு அவ்வளவு மோசமாகத் தெரியாது. வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்கல் வந்தால் "பசியால்தான்" என்று படுத்துக்கொள்ளாதீர்கள்.

ஆக உங்களுக்கு: முதலில் டாக்டரைப் பாருங்கள், "நான் இத்தனை மணி நேரம் சாப்பிடாமல் இருக்கப் போகிறேன், எந்த மாத்திரையை எப்போது போட வேண்டும்" என்று இதே வார்த்தைகளில் கேளுங்கள். அதுவரை ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பின் நொறுக்குத் தீனியை நிறுத்துங்கள், அது போதும். ஆனால் இதைப் படிக்கும் வேறு யாராவது ராத்திரி இன்சுலின் போடுபவராக இருந்தால் படுக்கும்முன் சாப்பிடும் சிற்றுண்டியை நீங்களாக நிறுத்தாதீர்கள், சிலருக்கு அதை டாக்டரே காரணத்தோடு சொல்லியிருப்பார்.

கேள்வி: விரத நேரத்தில் காபி, டீ, எலுமிச்சைத் தண்ணீர், தேன் தண்ணீர், தைராய்டு மாத்திரை, இதில் எதெல்லாம் விரதத்தைக் கெடுக்கும்?

பதில்: பாலும் சர்க்கரையும் சேர்க்காத காபி, டீ கெடுக்காது. எலுமிச்சை பிழிந்த தண்ணீர் கெடுக்காது, அதில் பெரிதாக ஒன்றும் இல்லை, கொழுப்பையும் கரைக்காது. தேன் என்பது சர்க்கரை, அதை எந்த நேரத்தில் எந்தத் தண்ணீரில் கலந்தாலும் சர்க்கரைதான். தைராய்டு மாத்திரையை எப்படியும் வெறும் வயிற்றில்தான் போட வேண்டும், தாராளமாகப் போடுங்கள், அப்புறம் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் காபி வேண்டாம். மாறாக, வலி மாத்திரைகள் பலவும் வெறும் வயிற்றில் வயிற்றைப் புண்ணாக்கும், அவற்றைச் சாப்பாட்டோடு மட்டும். தண்ணீர்கூடக் குடிக்காத விரதத்தில் கூடுதல் நன்மை ஒன்றும் இல்லை, வேண்டாம்.

கேள்வி: தொடங்கி நாலாவது நாளே விட்டுவிட்டேன். பதினொரு மணிக்குத் தலைவலி, எல்லோர் மேலும் எரிச்சல். எனக்கு இது ஒத்துக்கொள்ளாது போலிருக்கிறது.

பதில்: தலைவலிக்குப் பசியைவிட மூன்று காரணங்கள் முன்னால் நிற்கின்றன. வழக்கமான காபியை விட்டது, தண்ணீர் போதாதது, உப்பு அதிகம் வெளியேறியது. காபியைப் பால் இல்லாமல் அதே நேரத்தில் குடித்துப் பாருங்கள். எரிச்சல் வேறு கதை. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் நீங்கள் வழக்கமாகச் சாப்பிடும் நேரத்தைக் கற்று வைத்திருக்கும், அந்த நேரத்துக்குச் சரியாக ஏறும், சாப்பிடாவிட்டாலும் கொஞ்ச நேரத்தில் தானே இறங்கிவிடும். பசி நேரம் ஆக ஆகக் கூடிக்கொண்டே போகும் என்று பயப்படுகிறோம், உண்மையில் அது அலை அலையாக வந்து போகும். ஓரிரு வாரத்தில் கிரெலினும் புது நேரத்தைக் கற்றுக்கொள்ளும், அதனால் முதல் வாரத்தை வைத்துத் தீர்ப்பு சொல்லாதீர்கள். ஒரேயடியாக 16-க்குத் தாவாமல் 12-ல் தொடங்கி வாரத்துக்கு அரை மணி கூட்டுங்கள். ஒற்றைத் தலைவலிக்காரர்கள் மட்டும் கவனம், சாப்பாட்டைத் தள்ளிப்போடுவதே பலருக்கு அதைத் தூண்டிவிடும்.

கேள்வி: விரதம் இருந்தால் மனம் தெளிவாகிறது, சுறுசுறுப்பாக இருக்கிறது என்கிறார்களே, அதெல்லாம் கற்பனையா?

பதில்: முழுக்கக் கற்பனை இல்லை. பட்டினியின் முதல் ஓரிரு நாளில் உடம்பை உஷார்படுத்தும் நார்அட்ரினலின் என்ற ஹார்மோன் கூடும், உடம்பின் ஓய்வுநிலைச் சக்திச் செலவும் குறையாது, லேசாகக் கூடவும் கூடும். இரை தேடப் போக வேண்டிய பிராணிக்கு அப்படித்தானே இருக்க வேண்டும். "ஒரு வேளை விட்டால் மெட்டபாலிசம் படுத்துவிடும்" என்பது அதனால் தப்பு. ஆனால் எனக்குக் கடிதம் எழுதுகிறவர்கள் சொல்லும் சுறுசுறுப்பில் பெரும்பங்கு வேறு இடத்திலிருந்து வருகிறது என்பது என் எண்ணம்: ராத்திரி சீக்கிரம் சாப்பிட்டதால் நெஞ்செரிச்சல் இல்லை, நன்றாகத் தூங்கினார்கள், காலையில் கனமில்லாமல் எழுந்தார்கள். படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்னால் சாப்பாட்டை முடித்தால் அமிலம் மேலே ஏறுவது குறையும், இதற்கு விரதம் என்று பெயர் வைக்கக்கூடத் தேவையில்லை.

அதே சமயம் சிலருக்கு விரதம் மனசைக் கெடுக்கவும் செய்யும். அடுத்த கேள்வி அதுதான்.

கேள்வி: என் மகளுக்கு 17 வயது. ஒல்லிதான். இன்டர்மிட்டன்ட் ஃபாஸ்டிங் என்று சொல்லி ஒரு நாளைக்கு ஒரு வேளைதான் சாப்பிடுகிறாள், எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதையே விட்டுவிட்டாள். இரண்டு மாதமாக மாதவிடாயும் வரவில்லை. வற்புறுத்தலாமா, விட்டுவிடலாமா?

பதில்: விடாதீர்கள், திட்டவும் திட்டாதீர்கள். இந்த வாரமே டாக்டரிடம் அழைத்துப் போங்கள். வளரும் வயதில் விரதம் தேவையில்லை, ஒல்லியான பெண்ணுக்கு அறவே தேவையில்லை. மாதவிடாய் நிற்பது, உடம்பு தனக்குக் கிடைக்கும் சக்தி போதவில்லை என்று சில வேலைகளை மூடுகிறது என்பதற்கு அடையாளமாக இருக்கலாம், அப்படித் தொடர்ந்தால் எலும்பும் பலவீனமாகும். ஒதுங்கிச் சாப்பிடுவது, உடைகளைத் தொளதொளப்பாகப் போடுவது, அடிக்கடி எடை பார்ப்பது, சாப்பிட்டதும் குளியலறைக்குப் போவது, இதெல்லாம் இருந்தால் இது உணவுக் கோளாறு என்ற மனநோயாக இருக்கலாம். விரதம் என்பது அதற்கு நாகரிகமான போர்வை, யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள், பாராட்டவும் செய்வார்கள். வீட்டில் எடையைப் பற்றிய பேச்சையே கொஞ்ச நாள் நிறுத்துங்கள், உங்கள் எடையைப் பற்றியும் சேர்த்து.

கர்ப்பிணிகள், பால் கொடுப்பவர்கள், டைப் 1 சர்க்கரை நோய் உள்ளவர்கள், உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் பி.எம்.ஐ. 18.5-க்குக் கீழே இருப்பவர்கள், முன்பு உணவுக் கோளாறு இருந்தவர்கள் இவர்களுக்கும் என் பதில் வேண்டாம் என்பதே.

கேள்வி: என் மாமியாருக்கு 71 வயது. யாரோ சொன்னார்கள் என்று ராத்திரிச் சாப்பாட்டையே விட்டுவிட்டார். பிரஷருக்கு மாத்திரை உண்டு, யூரிக் அமிலத்தால் மூட்டு வீங்கும் கவுட்டும் உண்டு. எடை 4 கிலோ குறைந்ததில் அவருக்கு ஒரே சந்தோஷம்.

பதில்: அவர் சந்தோஷத்தில் எனக்குப் பாதிதான் பங்கு. அந்த வயதில் குறையும் எடையில் தசை எவ்வளவு என்பதுதான் கேள்வி, போன தசையைத் திரும்பச் சேர்ப்பது 71-ல் கடினம். நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்திருக்கிறாரா என்று பாருங்கள். முன்பு எழுந்தவர் இப்போது கையை ஊன்றுகிறார் என்றால் விரதம் நிற்க வேண்டும். தினமும் ஒரு கிலோ எடைக்கு 1-லிருந்து 1.2 கிராம் புரதம் தேவை, இதை இரண்டு வேளையில் அடைப்பது வயதானவருக்குச் சிரமம். அதற்கு பதிலாக ராத்திரிச் சாப்பாட்டை ஆறரைக்கு நகர்த்துங்கள், சிறியதாக, புரதத்தோடு. பிரஷர் மாத்திரையும் எடைக் குறைவும் உப்பு வெளியேற்றமும் சேர்ந்தால் காலையில் எழும்போது தலை சுற்றும், விழுந்தால் இடுப்பெலும்பு. உட்கார்ந்தும் நின்றும் பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள். கவுட் இருக்கிறது என்றால் நீண்ட பட்டினி அவருக்கு எதிரி, கீட்டோன் கூடும்போது சிறுநீரகம் யூரிக் அமிலத்தை வெளியேற்றுவது குறையும், கட்டைவிரல் வீங்கிய பிறகு காரணம் தேடுவார்.

கேள்வி: எனக்கு இரவுப் பணி. எப்போது விரதம், எப்போது சாப்பாடு என்றே புரியவில்லை.

பதில்: வேலை நேரம் தலைகீழானாலும் கணையம் சூரியனோடுதான் இருக்கிறது. இரவுப் பணி போல வைத்து 19 பேரிடம் நடத்திய ஒரு சோதனை 2021-ல் வந்தது, ராத்திரியும் சாப்பிட்டவர்களுக்குச் சர்க்கரை கூடியது, விழித்திருந்தாலும் பகலில் மட்டும் சாப்பிட்டவர்களுக்குக் கூடவில்லை. ஆகவே பணிக்குப் போகும்முன் நன்றாகச் சாப்பிடுங்கள், நள்ளிரவிலிருந்து காலைவரை தண்ணீர், தேவைப்பட்டால் சின்னதாக ஏதாவது, வீட்டுக்கு வந்து அளவாகச் சாப்பிட்டுத் தூங்குங்கள். வண்டி ஓட்டுகிறவர், இயந்திரத்தில் வேலை செய்கிறவர் பசியோடு தலைசுற்றலைத் தாங்கிக்கொண்டு உட்கார வேண்டாம்.

கேள்வி: 8 மணி நேரத்துக்குள் சாப்பிடுகிறவர்களுக்கு இதய நோயால் சாவு 91 சதவீதம் அதிகம் என்று செய்தி வந்ததே?

பதில்: 2024 மார்ச்சில் ஒரு அமெரிக்க மாநாட்டில் சொன்னது. சுமார் 20,000 பேரிடம் இரண்டு நாள் என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டுவிட்டுப் பல வருடம் கழித்து யார் இறந்தார்கள் என்று பார்த்தார்கள். அந்த இரண்டு நாள் 8 மணி நேரத்துக்குள் சாப்பிட்டவர் விரதம் இருந்தாரா, வேலைப்பளுவில் சாப்பிடாமல் ஓடினாரா, நோயால் பசியில்லாமல் இருந்தாரா என்று இதில் தெரியாது. பயப்பட வேண்டாம். ஆனால் ஏற்கெனவே இதய நோய் இருப்பவர் குறுகிய நேரத்துக்குள் அடைத்துச் சாப்பிடும்முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்பது நல்லது.

கேள்வி: விரதத்தோடு டீடாக்ஸ் ஜூஸ் குடித்தால் நச்சு எல்லாம் வெளியேறுமாமே?

பதில்: எந்த நச்சு என்று விற்கிறவரிடம் பெயர் கேளுங்கள்.

கேள்வி: 5 நாள் தண்ணீர் விரதம் இருக்கலாம் என்று நண்பர்கள் கூப்பிடுகிறார்கள். முடிக்கும்போது எப்படிச் சாப்பிட வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள். ஒருவர் ஒரு வருடத்துக்கு மேல் சாப்பிடாமல் இருந்தாராமே?

பதில்: இருந்தார். ஸ்காட்லாந்தின் ஆங்கஸ் பார்பியேரி, 27 வயது, 1965-ல் தொடங்கி 382 நாள், 207 கிலோவிலிருந்து 82 கிலோ. டண்டீயில் ஆஸ்பத்திரி மேற்பார்வையில் வைட்டமின், பொட்டாசியம் எல்லாம் கொடுத்து, ரத்தத்தைத் திரும்பத் திரும்பச் சோதித்து நடந்தது. அவரிடம் 100 கிலோவுக்கு மேல் உபரி இருந்தது என்பதை மறக்காதீர்கள். அதே காலகட்டத்தில் சிகிச்சையாக நீண்ட பட்டினி இருந்தவர்களில் சிலர் இறந்தும்போனார்கள், அவர்கள் பெயர் யாருக்கும் நினைவில் இல்லை.

5 நாளை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். நீங்கள் கேட்டது முடிக்கும் முறையைத்தான், அது நல்ல கேள்வி, ஏனென்றால் ஆபத்து பட்டினியில் இருப்பதைப் போலவே அதை முறிப்பதிலும் இருக்கிறது. பல நாள் பட்டினிக்குப் பின் திடீரென்று மாவும் சர்க்கரையுமாகச் சாப்பிட்டால் இன்சுலின் குபீரென்று ஏறும், ரத்தத்தில் இருக்கும் பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் எல்லாம் செல்களுக்குள் பாய்ந்துவிடும், ரத்தத்தில் அவை சரிந்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகும். இரண்டாம் உலகப் போரின் முடிவில் பட்டினியிலிருந்து விடுபட்ட கைதிகளுக்குச் சாப்பாடு கொடுத்தபோதுதான் இதை மருத்துவர்கள் கண்கூடாகப் பார்த்தார்கள். 5 நாளுக்கு மேல் கிட்டத்தட்ட ஒன்றும் சாப்பிடாதவரை இந்த ஆபத்துள்ளவர் பட்டியலில் சேர்த்துத்தான் ஆஸ்பத்திரியில் கையாள்வோம், ஒல்லியானவருக்கும் மது அருந்துபவருக்கும் ஆபத்து இன்னும் கூடுதல். அப்படி இருந்துவிட்டவர் வீட்டில் விருந்தோடு முடிக்கக் கூடாது, டாக்டரைப் பார்த்து ரத்தப் பரிசோதனையோடு, தேவையான கலோரியில் ஒரு சின்னப் பங்கிலிருந்து தொடங்கி நாலைந்து நாளில் ஏற்ற வேண்டும்.

ஒரு நாள், 24 மணி நேரம் மட்டும் என்றால் இத்தனை பயம் வேண்டாம். வழக்கமான சாப்பாட்டில் பாதி அளவு, காய்கறியும் புரதமும் முதலில், மென்று மெதுவாக. 20 நிமிடம் பொறுத்து இன்னும் பசித்தால் மீதிப் பாதி. நண்பர்களிடம் அந்த ஒரு நாளைச் சொல்லிப் பாருங்கள், முந்தின நாள் சாயங்காலம் 7-லிருந்து மறுநாள் சாயங்காலம் 7 வரை. கடைசி ஒரு மணி நேரம் யாரும் வண்டி ஓட்ட வேண்டாம்.